கதைசொல்லி எங்கே நிற்கிறார்?

கிளிநொச்சி முரசுமோட்டையைச் சேர்ந்த ஒரு வாசகி கேட்டிருக்கும் கேள்வி இது. 2018 டிசம்பர் வெள்ளத்தின்போது அவருக்குப் பத்து வயது. இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்திருந்த இரவு அது. முற்றத்தில் தண்ணீர் முழங்கால்வரை ஏறியதும் மாமா உழவு இயந்திரத்தைக் கொண்டுவந்து எல்லோரையும் அதன் இழுவைப் பெட்டியில் ஏற்றினார். அம்மம்மா மட்டும் இறங்கி, கன்றுத்தாய்ப் பசுவை அவிழ்த்துவிடக் கொட்டிலுக்குத் திரும்பிப் போனார். பசு போய்விட்டது. கன்று பிழைத்தது. அம்மம்மா நனைந்து நடுங்கியபடி திரும்பி வந்தார். கொட்டிலில் என்ன நடந்தது என்று இன்றுவரை அவர் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

இதை அந்த வாசகி ‘நான்’ என்று சிறுகதையாக எழுதினார். படித்துப் பார்த்த ஆசிரியர் படர்க்கைக்கு மாற்றச் சொன்னார். தோழியோ, அம்மம்மாவே சொல்வதுபோல் எழுது என்றாள். “கதைசொல்லிகளில் எத்தனை வகை உண்டு? என் கதைக்கு எது பொருந்தும்?” என்று கேட்கிறார்.

தங்கச்சி, மூன்று வழிகளிலும் நல்ல கதை எழுதலாம். வகைகளை நீங்கள் பாடசாலையிலேயே படித்திருப்பீர்கள். தன்மையில் ‘நான்’ என்று சொல்பவர் ஒருவர். படர்க்கையில் சொல்பவர்களில் எல்லோருடைய மனத்தையும் அறிந்தவர் உண்டு, ஒருவருடைய மனத்தை மட்டும் அறிந்தவர் உண்டு, எந்த மனத்துக்குள்ளும் போகாமல் வெளியே நின்று கண்டதை மட்டும் சொல்பவரும் உண்டு. அரிதாக முன்னிலையில் ‘நீ’ என்று சொல்பவர் வருவார். வகை இவ்வளவுதான். ஆனால் இதை மனப்பாடம் செய்துகொண்டு எழுத உட்கார்ந்தால் கதை நகராது. நான் இளையவர்களின் கையெழுத்துப் பிரதிகளைப் படிக்கும்போது மூன்று விடயங்களைத்தான் தேடுவேன். கதைசொல்லி எங்கே நிற்கிறார்? சொல்வது அவருக்கு எப்படித் தெரியும்? யாருக்குச் சொல்கிறார்? முதல் இரண்டையும் எழுதுகிறவர்கள் எப்படியோ கண்டுபிடித்துவிடுகிறார்கள். மூன்றாவதைப் பெரும்பாலும் நினைத்துப் பார்ப்பதே இல்லை. கேட்பவர் யார் என்று முடிவாகாத கதையில் கதைசொல்லியின் குரல் நிலைகொள்ளாது என்பது என் உறுதியான எண்ணம்.

இது நம்முடைய மரபுக்குப் புதிய சிந்தனை அல்ல. தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளின் உறுப்புகளை அடுக்கும்போது கூற்றையும் கேட்போரையும் அடுத்தடுத்து வைக்கிறது. அகப்பாடல்களை எடுத்துப் பாருங்கள். புலவர் தம் குரலில் பேசவே மாட்டார். தலைவி பேசுவாள், தோழி பேசுவாள், செவிலி பேசுவாள், வழியில் கண்டோர் பேசுவார்கள். ஒவ்வொரு பாட்டின் அடியிலும் ‘தலைவி தோழிக்குச் சொல்லியது’ என்பதுபோல் ஒரு குறிப்பு இருக்கும். அதே பிரிவைத் தோழியிடம் சொல்லும்போது தலைவி ஒருவிதமாகப் பேசுகிறாள், தலைவனுக்காகத் தூது வந்த பாணனிடம் வேறுவிதமாகப் பேசுகிறாள். கேட்பவர் மாறியதும் பேச்சு மாறிவிடுகிறது.

குறுந்தொகையின் 25ஆம் பாட்டு கபிலருடையது. அவன் என்னைக் கூடிய நாளில் சாட்சி என்று சொல்ல யாரும் இல்லை, அவனே கள்வன், தினைத்தாள் போன்ற சிறிய பசுங்கால்களோடு ஓடுகிற நீரில் ஆரல் மீனைப் பார்த்து நின்ற குருகு மட்டும் இருந்தது என்கிறாள் தலைவி. நடந்ததைக் கண்ட ஒரே உயிரால் வாய்திறந்து சொல்ல முடியாது. அதன் கவனமும் மீன்மேல் இருக்கிறது. சொல்லக்கூடியவளுக்கோ சாட்சி இல்லை. கண்டவர் ஒருவர், சொல்பவர் இன்னொருவர் என்ற இடைவெளியை இத்தனை சில அடிகளில் வைத்த கவிதை அது. உங்கள் கதையிலும் அதே இடைவெளி இருக்கிறது. கொட்டிலில் நடந்ததைக் கண்ட உயிர்கள் இரண்டு. ஒன்று பேசாத கன்று, மற்றது பேச மறுக்கும் அம்மம்மா.

இனி நம்மூர்க் கதைக்கு வருகிறேன். வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளை அம்மன் கோயிலுக்குப் போகாத வன்னிக் குடும்பம் குறைவு. மதுரையை எரித்த கண்ணகி இங்கே வந்து அமர்ந்தாள் என்ற நம்பிக்கையோடுதான் நாம் வளர்கிறோம். ஆகையால் சிலப்பதிகாரத்திலிருந்து ஓர் இடத்தைக் கொஞ்சம் கிட்ட நின்று பார்ப்போம். கதைசொல்லியைப் பற்றி எனக்குத் தெரிந்தவற்றில் பாதியை நான் அந்த ஓரிடத்தில்தான் கற்றேன்.

வழக்குரை காதையில் கண்ணகி அரண்மனை வாயிலுக்கு வருகிறாள். வாயிற்காவலனிடம், அறிவு அற்றுப்போன நெஞ்சத்தோடு முறை தவறிய மன்னனின் வாயிற்காவலனே, ஒற்றைச் சிலம்பை ஏந்திய கையோடு கணவனை இழந்தவள் வாசலில் நிற்கிறாள் என்று போய்ச் சொல் என்கிறாள். தன்னைப் பற்றித் தானே படர்க்கையில், ‘கணவனை இழந்தாள்’ என்று சொல்கிறாள் என்பதைக் கவனியுங்கள். காவலன் உள்ளே போகிறான். மன்னனை வாழ்த்துகிறான். வந்திருப்பவள் கொற்றவை அல்லள், காளி அல்லள், தாருகனின் மார்பைப் பிளந்த பெண்ணும் அல்லள் என்று அடுக்குகிறான். பிறகு சொல்கிறான்:

செற்றனள் போலும் செயிர்த்தனள் போலும்
பொற்றொழில் சிலம்பொன்று ஏந்திய கையள்
கணவனை இழந்தாள் கடையகத் தாளே

மூன்று அடிகள். முதல் அடியில் ‘போலும்’ இரண்டு தரம் வருகிறது. அவள் கோபத்தில் இருக்கிறாள் என்பது அவன் முகம் பார்த்து ஊகித்தது, அதனால் போலும் என்கிறான். அடுத்த அடியில் போலும் இல்லை. சிலம்பை அவன் கண்ணால் கண்டான். அதன் பொன்வேலைப்பாடுகூட அவன் கண்ணில் பட்டிருக்கிறது. மூன்றாவது அடி அவள் சொல்லக் கேட்டது. அவள் சொன்ன சொற்களை அப்படியே திருப்பிச் சொல்கிறான். ஊகித்தது, கண்டது, கேட்டது என்ற மூன்றையும் ஒரு காவற்காரன் கலக்காமல் பிரித்துச் சொல்கிறான். இன்று நல்ல கதைசொல்லி செய்யவேண்டிய வேலை இதைவிடப் பெரிதல்ல.

அவன் விட்டுவிட்டது ஒன்றும் இருக்கிறது. ‘முறை தவறிய மன்னன்’ என்று அவள் சொன்னாளே, அது எங்கே? அவன் வாயில் வரவே இல்லை. கேட்பவன் மன்னன். சொல்பவன் அவன் சோற்றைத் தின்பவன். அந்தச் சொல்லை விழுங்கிவிட்டு, அதன் இடத்தில் கொற்றவையையும் காளியையும் கொண்டுவந்து நிறுத்துகிறான். ‘அல்லள், அல்லள்’ என்று மறுக்கும்போதே அந்த உக்கிரமான தெய்வங்களையெல்லாம் சபைக்குள் அழைத்துவிடுகிறான். சொல்ல அஞ்சியதை வேறொரு வழியில் சொல்லிவிட்டான் என்றுதான் நான் படிக்கிறேன். அவனுக்குப் பெயர் இல்லை. அவன் மனத்துக்குள் இளங்கோ ஒரு வரிகூடப் போகவில்லை. ஆனால் அவன் பயம், மதிப்பு, இரக்கம் எல்லாம் அவன் எதைச் சொன்னான், எதை விட்டான் என்பதிலேயே தெரிகின்றன.

அந்தக் காப்பியம் முழுவதுமே யார் கதை சொல்வது என்ற கேள்வியைத் திரும்பத் திரும்பத் தொடுகிறது. வேங்கை மரத்தின்கீழ் நின்ற பெண் விண்ணுக்குப் போனதைக் குன்றக் குறவர்கள் செங்குட்டுவனிடம் சொல்கிறார்கள். அவர்களுக்கு அவள் யாரென்று தெரியாது, கண்டது மட்டும் தெரியும். மதுரையில் நடந்ததை அறிந்த சாத்தனார் அருகிலிருந்து முன்கதையைச் சொல்கிறார். குறவர் கண்டதும் புலவர் அறிந்ததும் சேர்ந்த பிறகே மன்னனுக்குக் கதை முழுமையாகிறது. கடைசியில் வரந்தரு காதையில், இவ்வளவு நேரமும் மறைந்து நின்று சொல்லிக்கொண்டிருந்த இளங்கோ ‘யானும் சென்றேன்’ என்று தாமே கதைக்குள் காலெடுத்து வைக்கிறார். படர்க்கையில் தொடங்கிய கதையில் கதைசொல்லி கடைசியில் மட்டும் ‘நான்’ என்று வரலாமா என்று என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் காட்டும் இடம் இதுதான்.

மகாபாரதத்தில் சஞ்சயனின் நிலை இன்னும் கடினமானது. அவன் குருக்ஷேத்திரத்தைக் காணும் கண் பெற்றவன். கேட்பவனோ கண் தெரியாத தகப்பன். இறந்துகொண்டிருப்பவர்கள் அவனுடைய பிள்ளைகள். ஒவ்வொரு மரணத்தையும் அந்தத் தகப்பனின் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் சஞ்சயன் சொல்லவேண்டும். போர்க்களத்தை நேரே வருணித்திருந்தால் அது போர்வருணனையாக மட்டும் நின்றிருக்கும். கேட்பவன் யார் என்பதனால் ஒவ்வொரு சொல்லும் கனத்துவிடுகிறது.

கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு வேறொரு பாடமும் கிடைத்திருக்கிறது. கோவலன் கூத்தோ காத்தவராயன் கூத்தோ, பாத்திரம் களரிக்கு வரும்போது வரவுப் பாட்டு அதைப் படர்க்கையில் அறிமுகப்படுத்தும். ஆடுபவரே தம்மை இன்னார் வந்தார் என்று பாடி ஆடுவதும் உண்டு. சற்று நேரத்தில் அவரே ‘நான்’ என்று பேசுவார். ஓரமாக நின்று, கூத்தைப் பழக்கிய அண்ணாவியாரும் பிற்பாட்டுக்காரரும் அவர் பாடியதை வாங்கிப் பாடுவார்கள். ஒரே ஆளைப் பற்றி அவரே ‘அவன்’ என்கிறார், அவரே ‘நான்’ என்கிறார், அருகில் நிற்பவர்களும் ‘அவன்’ என்கிறார்கள். பார்க்கிறவர்களில் ஒருவர்கூடக் குழம்புவதில்லை. ஏனென்றால் குரல் மாறும் ஒவ்வொரு தடவையும் மத்தளமும் தாளமும் மெட்டும் மாறி, இதோ மாறுகிறது என்று சொல்லிவிடுகின்றன. எழுத்தில் மத்தளம் கிடையாது. பந்தி பிரிப்பு, இடைவெளி, காலம், சொல்லின் தரம் ஆகியவற்றை வைத்துத்தான் நீங்கள் அதைச் செய்யவேண்டும்.

கோயிலில் புராணம் படிப்பதையும் இதோடு சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் கந்தபுராணச் செய்யுளை இராகத்தோடு வாசிப்பார், அருகில் இருப்பவர் பயன் சொல்வார், அதாவது பொருளை விரித்துச் சொல்வார். கச்சியப்பரின் சொல்லை மாற்ற வாசிப்பவருக்கு உரிமை இல்லை. பயன் சொல்பவருக்கு அந்த உரிமை உண்டு. கேட்டுக்கொண்டிருக்கும் கிழவிகளின் முகம் பார்த்து ஓரிடத்தில் நின்று விரிப்பார், இன்னோரிடத்தை இரண்டு வசனத்தில் கடப்பார். எல்லாம் அறிந்த கதைசொல்லி என்று பாடநூல் சொல்கிறதே, அவர் கிட்டத்தட்ட இந்தப் பயன் சொல்பவர்தான். கதை முழுவதும் அவருக்குத் தெரியும். எதை இப்போது சொல்வது, எதைப் பிறகு சொல்வது என்ற தேர்வு மட்டுமே அவர் கையில் இருக்கிறது. எல்லாம் அறிந்தவர் எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொட்டினால் கதை செத்துவிடும்.

இனி உங்கள் கொட்டிலுக்கு வருவோம். அந்தக் கணத்தை ஒவ்வொரு இடத்தில் நின்றும் எழுதிப் பார்த்தேன். வித்தியாசம் எங்கே வருகிறது என்று பாருங்கள்.

பத்து வயதுப் பிள்ளையின் ‘நான்’: “மாமாவின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். அம்மம்மாவின் டோர்ச் வெளிச்சம் கொட்டில் பக்கமாகப் போய் நின்றது. பிறகு அது ஆடியது. பசு கத்தியது. மாமா இரண்டு தரம் ஹோர்ன் அடித்தார். என் ஒரு கால் செருப்பைக் காணவில்லை.”

இங்கே கொட்டிலுக்குள் போகவே முடியாது. வெளிச்சம் ஆடியது என்பதோடு நிறுத்தவேண்டும். ஏன் ஆடியது என்று வாசகர்தான் பயப்படவேண்டும். செருப்பு முக்கியமா என்று கேட்டால், அந்தப் பிள்ளைக்கு முக்கியம். பிள்ளையின் கண் பெரிய ஆபத்தின் நடுவில் சின்னப் பொருளில் போய் ஒட்டிக்கொள்ளும். அதை வெட்டிவிட்டால் பேசுவது பிள்ளை அல்ல.

இப்போது வளர்ந்துவிட்ட நீங்கள் சொல்லும் ‘நான்’: “ஈரத்தில் ஊறிய கயிற்றின் முடிச்சு இறுகிவிடும் என்று அன்று எனக்குத் தெரியாது. அம்மம்மா ஏன் இவ்வளவு நேரம் நிற்கிறார் என்று எனக்குக் கோபம்தான் வந்தது.”

சொல் ஒன்றுதான், ‘நான்’. ஆனால் ஆள்கள் இரண்டு. பார்த்தவள் பத்து வயதுக்காரி, சொல்பவள் இன்றைய நீங்கள். இந்த இருவருக்கும் இடையிலான தூரமே தன்மைக் கதையின் உயிர் என்று நான் நினைக்கிறேன். நீங்கள் அனுப்பிய பக்கங்களில் ஒரு வசனத்தில் பிள்ளை பேசுகிறது, அடுத்த வசனத்தில் ‘நீரியல் முகாமைத்துவம்’ என்று வளர்ந்தவர் பேசுகிறார். உங்கள் ஆசிரியர் படர்க்கைக்கு மாற்றச் சொன்னதன் காரணம் இதுவாக இருக்கலாம். படர்க்கைக்கு மாற்றினாலும் இந்தக் குழப்பம் போகாது. யார் பார்க்கிறார், யார் சொல்கிறார் என்பதைத் தீர்த்தால் ‘நான்’ என்பதிலேயே சரியாகிவிடும்.

அம்மம்மாவை ஒட்டி நிற்கும் படர்க்கை: “முடிச்சு ஊறிப் போயிருந்தது. நகம் உள்ளே இறங்கவில்லை. பின்னால் ஹோர்ன் சத்தம். அடிக்கட்டும். கத்தி குசினியில், குசினிக்குள் இடுப்பளவு தண்ணீர். கன்று காலோடு வந்து ஒட்டிக்கொண்டது.”

இங்கே ‘அவர்’ என்றுகூட எழுதவில்லை. ஆனாலும் நாம் அம்மம்மாவின் விரலுக்குள் இருக்கிறோம். ‘அடிக்கட்டும்’ என்பது கதைசொல்லியின் சொல்லா, அம்மம்மாவின் சொல்லா? இரண்டும்தான். படர்க்கையில் நின்றுகொண்டே ஒருவருடைய மனச்சொல்லை மேற்கோள் குறியில்லாமல் வசனத்துக்குள் இறக்கும் இந்த முறை இன்றைய சிறுகதையில் மிகப் பயன்படுவது. இதற்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. இப்படித் தொடங்கிவிட்டால், அந்தக் காட்சி முடியும்வரை மாமாவின் மனத்துக்குள் போகக்கூடாது. ‘மாமாவுக்கு நெஞ்சு பதறியது’ என்று ஒரு வசனம் போட்டாலும் வாசகர் கொட்டிலிலிருந்து வெளியே தள்ளப்படுவார். எனக்கு வரும் பிரதிகளில் அதிகம் காணும் பழுது இதுதான்.

ஊர் முழுவதும் சேர்ந்து சொல்லும் ‘நாங்கள்’ ஒன்று இருக்கிறது: “பாடசாலைக்குள் எல்லோரும் ஒதுங்கியிருந்தோம். அவ மாட்டை அவிழ்க்கப் போனாவாம் என்று யாரோ சொன்னார்கள். இந்த வயதிலா என்று கேட்டோம்.” நம்முடைய ஊர்களில் செய்தி இப்படித்தான் நடக்கிறது. ‘போனாவாம்’ என்பதிலேயே, நான் காணவில்லை, கேட்டேன் என்ற ஒப்புதல் இருக்கிறது. பாட்டிமார் ‘ஒரு ஊரிலே ஒரு ராசா இருந்தாராம்’ என்று தொடங்கும்போது கையாள்வதும் அதையே. இடப்பெயர்வையும் மீள்குடியேற்றத்தையும் கண்ட நம் ஊர்களின் அனுபவத்துக்கு இந்த ‘நாங்கள்’ மிகவும் பொருந்தும். ஆனாலும் நம்மவர்கள் இதை அதிகம் எழுதவில்லை என்பது எனக்குக் குறையாகவே படுகிறது. எல்லோருடைய பிரதியிலும் தனி ‘நான்’ அழுகிறது. ஒரே தறப்பாளின் கீழே ஐந்து குடும்பம் இருந்த காலத்தில் எவருடைய துயரமும் தனியாக இருக்கவில்லை.

முன்னிலைக் கதைசொல்லியைப் பரிசோதனை எழுத்து என்று சிலர் நினைக்கிறார்கள். செத்த வீட்டில் ஒப்பாரி கேட்டவர்கள் அப்படி நினைக்கமாட்டார்கள். ஒப்பாரி முழுவதும் இறந்தவரைப் பார்த்து ‘நீ’ என்று சொல்லும் கதைதான். அவர் எப்படி வாழ்ந்தார், என்ன வாங்கித் தந்தார், எந்த வழியால் போனார் என்று அவரிடமே சொல்கிறார்கள். அவருக்குத் தெரிந்ததை ஏன் அவரிடம் சொல்லவேண்டும்? சுற்றி இருக்கும் சனம் கேட்கவேண்டும் என்பதற்காக. வன்னியில் பாடப்பட்டுவந்த, யானை பிடித்துக் கட்டிய அரியாத்தையின் கதைகூட அவள் பேரிலான ஒப்பாரியாகவே நமக்குக் கிடைத்திருக்கிறது. ஒரு வீரக்கதையை இழந்தவரின் வாயால், இழக்கப்பட்டவளை நோக்கிச் சொல்லும்போது வீரமும் துயரமும் ஒரே அடியில் வந்துவிடுகின்றன.

நம்பத் தகாத கதைசொல்லி என்று ஒருவரைப் பற்றியும் நீங்கள் கேட்டிருந்தீர்கள். பொய் சொல்பவர் மட்டும் அல்லர் அவர். தமக்குத் தெரிந்தது அரைகுறை என்பதை அறியாதவர், தம் பக்கத்தை நியாயப்படுத்துபவர், பிள்ளை, நோயாளி, ஆற்றாமையில் இருப்பவர் எல்லோரும் அதில் அடங்குவர். ஒட்டுசுட்டானுக்கு அண்மையில் கற்சிலைமடுவில் நாட்டப்பட்ட ஆங்கிலக் கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். 1803 ஒக்டோபர் 31 அன்று இந்தச் சுற்றாடலில் கப்டன் வொன் டிரிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார் என்பது அதன் செய்தி. டிரிபேர்க் பிரித்தானியப் படை அதிகாரி, பண்டாரவன்னியன் அவர்களை எதிர்த்த வன்னி மன்னன். திகதி இருக்கிறது, இடம் இருக்கிறது, பெயர்கள் இருக்கின்றன. எந்த உணர்ச்சியும் காட்டாமல் வெளியே நின்று சொல்லும் படர்க்கைக் குரல் அது. ஆனால் அந்த வசனத்தின் எழுவாய் யார்? வென்றவர். தோற்றவன் செயப்படுபொருள். அவன் ஏன் சண்டையிட்டான், எத்தனை பேர் மாண்டார்கள் என்று ஒரு சொல் இல்லை. இருந்தும் அந்தக் கல் நின்ற இடம் நமக்குப் பண்டாரவன்னியனை நினைக்கும் இடமாகிவிட்டது. கதைசொல்லி ஒன்றைச் சொல்ல, வாசகர் அவருடைய தோளுக்கு மேலால் இன்னொன்றைக் கண்டுவிட்டார். நம்பத் தகாத கதைசொல்லியை வைத்து எழுதுகிறவர் இதைத்தான் வேண்டுமென்றே செய்கிறார். அதற்கு, கதைசொல்லி மறைப்பதை வாசகர் கண்டுகொள்ளும்படி ஒரு துவாரமாவது விட்டுவைக்கவேண்டும். துவாரம் இல்லாவிட்டால் அது வெறும் பொய்க்கதை.

எழுதுபவரும் கதைசொல்லியும் ஒருவரல்லர் என்பதை நம் வாசகர்களே சில சமயம் மறந்துவிடுகிறார்கள். 1879இல் வெளிவந்த தமிழின் முதல் நாவலான ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ தன்மையில் எழுதப்பட்டது. ‘நான்’ என்று அதில் பேசுபவர் பிரதாப முதலியார், எழுதியவர் மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை. தொடக்கத்திலேயே இந்தப் பிரிவு நமக்குத் தெளிவாக இருந்திருக்கிறது. நம்மூரில் இன்று ‘நான்’ என்று ஒரு கதை எழுதினால், அது உனக்கா நடந்தது என்று சந்தையில் வைத்துக் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்து படர்க்கைக்கு ஓடவேண்டாம்.

ஆனால் இதற்கு மறுபுறமும் ஒன்று உண்டு. அதை நான் அழுத்தமாகவே சொல்வேன். பிறருடைய துயரத்தை எடுத்து ‘நான்’ என்று எழுதும்போது பொறுப்பு கூடுகிறது. வன்னியில் ஒவ்வொரு வீட்டிலும் சொல்லாமல் வைத்திருக்கும் கதை ஒன்று இருக்கிறது. உயிரோடு இருக்கும் ஒருவர் பேச மறுத்ததை, அவருடைய ‘நான்’ ஆக நாம் எழுதிவிட்டால் அவர் வாய்க்குள் நம் சொல்லைத் திணித்ததாகிவிடும். உங்கள் தோழி சொன்ன வழியில் எனக்கு இருக்கும் தயக்கம் இதுதான். அம்மம்மா சம்மதித்துச் சொன்னால் அது வேறு. அவர் சொல்லாதவரை, கொட்டிலுக்குள் நடந்ததை அவர் குரலில் எழுத உங்களுக்கு உரிமை குறைவு. படர்க்கையில் கற்பனையாக எழுதலாம். அப்போது கற்பனை செய்பவர் நீங்கள்தான் என்று கதையிலேயே தெரியட்டும்.

மொழியைப் பற்றியும் சொல்லவேண்டும். அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’ 1973இல் வந்தது, தண்ணிமுறிப்பைக் களமாகக் கொண்டது. அதில் கதைசொல்லி எழுத்துத் தமிழில் காட்டையும் வயலையும் சொல்கிறார், மனிதர்கள் வன்னிப் பேச்சில் பேசுகிறார்கள். நம் நாவல்கள் பலவற்றில் நிலைத்துவிட்ட வழி இது. ஆனால் ‘நான்’ என்று ஒரு கமக்காரர் சொன்னால் அவர் எந்தத் தமிழில் சொல்வார்? எழுத்துத் தமிழில் சொன்னால் ஆசிரியரின் வாசனை அடிக்கும். முழுக்கப் பேச்சில் சொன்னால் நீண்ட கதையில் வாசகர் களைத்துப்போவார். என் அனுபவத்தில் நல்ல வழி, வினைமுற்றுகளை எழுத்து வடிவிலேயே வைத்துக்கொண்டு, பெயர்ச்சொற்களை அவருடைய உலகிலிருந்து எடுப்பது. துருசு, கலிங்கு, வரம்பு, தட்டி, பட்டி என்று அவர் கையில் புழங்கும் சொற்கள் சரியாக விழுந்தால் மற்றவற்றை வாசகர் தாமே கேட்டுக்கொள்வார்.

ஆக, உங்கள் கதைக்கு நான் என்ன சொல்கிறேன்? வளர்ந்த நீங்கள் சொல்லும் ‘நான்’ என்பதை வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் இருந்து கண்டதைப் பத்து வயதுக் கண்ணால் மட்டும் எழுதுங்கள். பாடசாலையில் ஊர் பேசியதை ‘நாங்கள்’ ஆக்குங்கள். கொட்டிலுக்குள் போகவேண்டிய இடத்தில், வாயிற்காவலனைப்போல், கண்டது இது, கேட்டது இது, மிச்சம் என் ஊகம் என்று பிரித்துவையுங்கள். அந்த ஊகத்தை ஒரு பக்கத்துக்கு மேல் விடவேண்டாம்.

கேட்பவர் யார் என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை. உங்கள் கடிதத்தின் நடுவில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கன்று இப்போது கறவைப் பசுவாகிவிட்டது, அம்மம்மா பால் கறக்கும்போது அதனோடு ஏதோ பேசிக்கொண்டே இருப்பார் என்று. அதை ஏன் கதையில் சேர்க்கவில்லை? மனிதரிடம் சொல்லாத ஒருவர், அன்று கூடவே இருந்த ஒரே உயிரிடம் பேசுகிறார். அவர் என்ன பேசுகிறார் என்று நீங்கள் எழுதவேண்டியதில்லை. கேட்கும் தூரத்துக்கு வெளியே நின்று, பேசுகிறார் என்று மட்டும் எழுதினால் போதும்.

வெள்ளத்தின் அளவு, திறந்த கதவுகளின் எண்ணிக்கை, நிவாரண விபரம் ஆகியவற்றைக் கதையில் எங்கே வைப்பது என்றும் கேட்டிருந்தீர்கள். பெட்டியில் இருக்கும் பிள்ளைக்கு அவை தெரியாது, அந்தப் பக்கங்களில் வரக்கூடாது. பாடசாலையில் கிராம சேவகர் பதிவெடுக்க வரும் காட்சி உங்கள் பிரதியிலேயே இருக்கிறது. அவர் தம் பதிவுப் புத்தகத்தில் எழுதுவதாக இரண்டு மூன்று வரியில் வையுங்கள். குடும்பம் ஒன்று, அங்கத்தவர் ஐவர், இழப்பு மாடு ஒன்று.